பவுனுக்குக் கொடுக்கும் கொயினா

செங்குளத்துப்பட்டி,
1941 ஐப்பசி 14.

சிரஞ்சீவி செல்லப்பாண்டிக்கு உன் அய்யா எழுதுவது. நானும் உன் ஆத்தாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் பட்டணத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மீனாட்சி துணை. உன் தங்கை பவுனையும் இந்த வரியிலேயே சேர்த்து எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் டாக்டர் படிப்புச் சங்கதியை இரண்டு தரம் படித்தேன். நரம்பு சதையைத் தொடுவதே இல்லை, நடுவே மயிரிழை இடைவெளி, நரம்பின் நுனியில் ஒரு ரசம் கசிந்து சதையைத் தட்டி எழுப்புகிறது, பவுனுக்கு அந்தத் தட்டல் சதையில் ஏறவில்லையோ என்று உன் வாத்தியார் சந்தேகப்படுவதாக எழுதியிருந்தாய். முல்லையாற்றில் வெள்ளம் வந்தால் நம் தபால்பையைக் கயிற்றில் கட்டி விடுவோம், அக்கரையான் இழுத்துக்கொள்வான், அதுபோல என்று நானாக வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தையும் தபாலாபீசையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்க்காத மனுஷர் சொல்வதை எப்படி நம்புவது.

காலையில் பவுனு பழைய பவுனுதான். எனக்குப் பத்திரிகை வாசிக்கும்போது முதல் பத்தி கணீரென்று வரும், நாலாவது பத்தியில் மூக்கால் பேசுவாள், அப்புறம் உதடு மட்டும் அசையும். பொழுது சாய்ந்தால் இமை இரண்டும் தொங்கிவிடும், மோவாயைக் கையால் தாங்கித்தான் சோற்றை மெல்லுகிறாள். தூங்குமூஞ்சி என்று முதலில் நானே கேலி செய்தேன். ஆடியில் மேகமலை ஏலத்தோட்டத்தில் உன் சித்தப்பன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவள் அல்லவா, இது மலைக்காய்ச்சல்தான், உள்ளேயே ஒளிந்துகொண்டு ஆளை உருக்குகிறது என்பது என் முடிவு. தபாலாபீசில் அந்தக் காய்ச்சலுக்கென்று சர்க்கார் முத்திரை போட்ட கொயினா மாத்திரைப் பொட்டலம் விற்பதும் என் வேலைதானே, அதைக் கொடுத்து ஊரில் எத்தனை பேரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன், என் மகளுக்குக் கொடுக்காமல் இருப்பேனா. புரட்டாசிக் கடைசியிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று. சண்டைக்கு வருவாய் என்று உனக்கு எழுதவில்லை. என்னைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள், சில மருந்துகள் அந்த ரசத்தின் வேலையை இன்னும் மங்கடித்துவிடும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். அது நாட்டுவைத்தியர் கொடுத்த சூரணத்துக்குப் பொருந்தும், அதை அன்றே சாக்கடையில் கொட்டிவிட்டேன். கொயினா அப்படிப்பட்டதல்ல.

உன் ஆத்தா என்னோடு பேசுவதில்லை. அந்த வெள்ள மாத்திரய முழுங்குன பெறகுதேன் புள்ள துவண்டு விழுகுது, கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு, நிப்பாட்டுங்க என்று கத்திவிட்டுப் போனவள்தான். நோய் கூடினால் மருந்து பற்றவில்லை என்று அர்த்தம், அவளுக்கு இது விளங்காது. முந்தாநாள் முதல் இரட்டிப்பாக்கினேன். நேற்று பவுனு குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருக்கிறாள். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாம் என்றால் ஆற்றில் இன்னும் வெள்ளம் வடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது செல்லப்பாண்டி.

இன்று காலை அவளால் மாத்திரையை விழுங்க முடியவில்லை. பொடித்துத் தேனில் குழைத்துக் கொண்டுபோனேன். பேச்சு வராததால் வேண்டாம் என்று கையை ஆட்டினாள், அந்தக் கையும் பாதியில் மடியில் விழுந்துவிட்டது. நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன்.

நீ நல்லபடியாகத் தேறிப் பேர் வாங்க எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. மறக்காமல் ஒன்று செய், கொயினாவை மும்மடங்காக்கலாமா என்று உன் வாத்தியாரைக் கேட்டு மறுதபாலில் எழுது. உன் பதில் வந்து சேர ஒரு வாரமாகும், அதுவரை பிள்ளையைச் சும்மா வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, இன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறேன்.

இப்படிக்கு
உன் அய்யா
மலைச்சாமி