அதிகாரி சொன்ன ‘லெட் ஆஃப்’

கோப்பேங் தோட்டம்
12 செப்டம்பர் 1943

அன்பு மகள் புனிதவதிக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் அரை வயிறாவது சாப்பிட்டு நலமாயிருக்க முருகன் துணை. ரயில்வேயில் வேலை செய்யும் சின்னத்துரை அங்கே வருவதால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறையவில்லை, மூன்று வேளையும் மரவள்ளிதான். ஈப்போவில் நான் பாடம் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை மூடியபின் இந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருப்பது உனக்குத் தெரியும். இங்குள்ள ஜப்பான் அதிகாரிக்குத் தமிழ் வராது, கொஞ்சம் இங்கிலீஷ் வரும், அதை ஆட்களுக்குத் தமிழில் சொல்வதுதான் என் வேலை.

போன மாதம் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்தார்கள், முன்பு போனவர் யாரும் திரும்பவில்லை. எங்கள் பக்கத்து லயத்துச் சன்னாசி காட்டுக்குள் ஒளிந்துகொண்டான். அவன் பெண்சாதி செல்லாயி பிள்ளை பெற்று ஒன்பது நாள். நான் அதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அவனை வெளியே வரச் சொல், ‘ஐ வில் லெட் ஹிம் ஆஃப் அட் காம்பார்’ என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. காம்பார் ஆபீசில் பேரை அடித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு, செல்லாயியிடம் உன் புருஷனை விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். மறுநாள் காலை சன்னாசி தானாகவே லாரியில் ஏறினான், எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏறினான் மகளே.

சாயங்காலம் லாரி வெறுமையாக வந்தது. எல்லோரையும் காம்பார் ஸ்டேஷனில் இறக்கி, சயாம் ரயிலில் அடைத்துவிட்டதாக டிரைவர் சொன்னான். நான் அதிகாரியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை, சொன்னபடிதானே செய்தேன், காம்பாரில் லெட் ஆஃப் செய்தேனே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தண்டிக்காமல் விடுவதும் லெட் ஆஃப், வண்டியிலிருந்து இறக்கிவிடுவதும் லெட் ஆஃப். கெட் ஆன், கெட் ஓவர், புட் ஆஃப், புட் அப் என்று இரண்டு அர்த்தம் வரும் சொற்களை உனக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கும் வாக்கியம் வாக்கியமாக எழுதவைத்தவன் நான். எங்கே இறக்குவீர்கள், எதற்கு இறக்குவீர்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

பதினைந்து நாள் செல்லாயி முகத்தில் விழிக்காமல் திரிந்தேன். போன வெள்ளிக்கிழமை போய் உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. அவரு ஒளிஞ்ச எடத்துலயே இருந்திருப்பாருங்கய்யா, நீங்க சொன்னீங்கன்னு நான்தானே போயி கூட்டியாந்தேன் என்றாள். இப்போது பிள்ளையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு மரவள்ளி நடப் போகிறாள். அம்மாவிடம் பேசுகிறாள், என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

இப்போதெல்லாம் அதிகாரி எதைச் சொன்னாலும் இரண்டாம் தடவை கேட்டுத்தான் ஆட்களுக்குச் சொல்கிறேன். அதற்காகப் புதன்கிழமை அறைந்தார், இடது காது சரியாகக் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாது, நீயும் எழுதிவிடாதே.

தெருவில் இங்கிலீஷ் பேசாதே. மாப்பிள்ளையைத் தனியாக வெளியே அனுப்பாதே. சயாமிலிருந்து யாராவது திரும்பியதாகக் கேள்விப்பட்டால் நீயே நேரில் போய் விசாரி. பேர் சன்னாசி, நல்ல உயரம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பெண் குழந்தை, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்பன் வந்து பேர் வைக்கட்டும் என்று செல்லாயி காத்திருக்கிறாள் என்று அவனிடம் சொல்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் அப்பா,
தம்பிமுத்து