தொண்டை கட்டிய கோல்கீப்பர்

அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லாம் நலம், என் தொண்டையைத் தவிர. நேற்று மாலையிலிருந்து குரலே இல்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு இதை எழுதுகிறேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கத்தியது நான்தான். இந்த வரியை நீ இரண்டாம் முறை படிப்பாய் என்று தெரியும். படி.

விடுதி போனில் இதெல்லாம் சொல்ல முடியாது. பின்னால் வரிசை நின்றால் எனக்கு இன்னும் கூடுதலாகத் திக்கும், உனக்குத் தெரியாததா. அதனால் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

வந்த அன்று வார்டன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே, "மேல் கட்டிலா, கீழ் கட்டிலா?" என்று கேட்டார். வழக்கம்போல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே நீ இல்லை, என் பெட்டிதான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேல் கட்டில் என்று குறித்துக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டார். எனக்கு உயரம் என்றாலே பயம். கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் அதைவிட மோசம். "போதும்" என்பதன் முதல் எழுத்து என் உதட்டை விட்டு இறங்காது. பரிமாறும் அம்மாவோ அந்தச் சொல்லைக் கேட்காமல் கரண்டியை நிறுத்தமாட்டார். தட்டில் விழுந்ததையெல்லாம் விழுங்கி வைத்தேன். எனக்கு யானைப் பசி என்று அறைப் பெண்கள் முடிவுகட்டிவிட்டார்கள். ஒருத்தி பாவப்பட்டுத் தன் பங்குப் பழத்தையும் என் தட்டில் வைத்தாள்.

அழுதாயா என்று கேட்பாய். அழுதேன். குளியலறையில், வாளி நிறையும் சத்தத்தில்.

பிறகு கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். கோல்கீப்பராக நிற்க ஒருத்தியும் முன்வரவில்லை. அடி படும், கோல் விழுந்தால் திட்டும் விழும். கோச் என் நீளக் கைகளைப் பார்த்துவிட்டு, "நீ நில்லு" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, நின்றேன். முதல் பந்து நேராக என் கைக்குள் வந்து அறைந்தது. உள்ளங்கை திகுதிகுவென்று எரிந்தது. இன்னொரு பந்து வராதா என்றிருந்தது அக்கா. எனக்கே என்னைப் புரியவில்லை.

ஆனால் அங்கே நிற்பவள் சும்மா நிற்க முடியாது. மைதானம் முழுக்கத் தெரிவது அவளுக்கு மட்டும்தான். முன்னால் நிற்பவர்களுக்கு அவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி ஆட்டத்தில், எனக்கு முன்னால் தடுத்து ஆடுபவளின் முதுகுப் பக்கமாக எதிரணிக்காரி ஒருத்தி ஓடி வந்தாள். தடுப்பவளை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு "பின்னாடி" என்று நான் கத்த வேண்டும். மறுபடியும் அதே பாழாய்ப்போன எழுத்து. நான் உதட்டை ஒட்டிக்கொண்டு போராடி முடிப்பதற்குள் பந்து வலைக்குள். நெட்டை திரும்பி, "வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?" என்றாள்.

நீ இருந்திருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். நீ இல்லாததால் நானே யோசிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் எல்லோரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றேன். "எனக்கு ப வராது" என்று சொல்ல வேண்டும். "எனக்கு" வந்துவிட்டது. அடுத்ததில் மாட்டிக்கொண்டேன். நெட்டை ஒரு கால் பூட்ஸைக் கட்டி முடித்து, மறு காலையும் கட்டிவிட்டாள். கோச் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். யாரும் எனக்காகச் சொல்லி முடிக்கவில்லை. அவர்களுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது, அடுத்து என்ன சொல்வேன் என்றும் தெரியாது. அதனால் காத்திருந்தார்கள். கடைசியில் சொல்லிவிட்டேன். "அதனால ஆளுன்னுதான் கத்துவேன். ஆளுன்னா முதுகுக்கிட்ட வந்துட்டாங்கன்னு அர்த்தம்."

நெட்டை, "சரி, இந்தப் பக்கம்னா என்ன சொல்லுவ?" என்று இடது கையை நீட்டினாள். அன்றைக்கே எனக்கு வருகிற சொற்களாகப் பொறுக்கி வைத்துக்கொண்டோம். இப்போது அணி முழுவதும் அதே சொற்களைத்தான் கத்துகிறது.

நேற்று நகரப் பள்ளி அணியோடு ஆட்டம். ஒவ்வொருத்தியும் என்னைவிட ஒரு சாண் உயரம். நாங்கள் இரண்டு கோல் போட்டோம். அவர்கள் போட்ட ஒன்று என் இரண்டு கால்களுக்கு நடுவே உருண்டு போனது, அப்பாவிடம் சொல்லாதே. கடைசி நேரத்தில் மூலையிலிருந்து பந்து உயரமாக வந்தது. "என்னுது" என்று நான் கத்திய கத்தலில் எங்கள் ஆட்களே மிரண்டு விலகினார்கள். எகிறிப் பிடித்தேன். நெட்டை என்மேல் மோதி இருவரும் மண்ணில் புரண்டோம். எழுந்தபோது பந்து என் நெஞ்சோடு இருந்தது. ஜெயித்துவிட்டோம். இப்போது என் பட்டப்பெயர் சங்கு, ஆலையில் ஊதுவார்களே, அது. வீட்டில் ஊமைக்கோட்டான் என்ற பட்டம் வாங்கியவள் நான்.

திக்கல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் போன வாரம் வார்டனிடம் போய்க் கீழ்க் கட்டில் கேட்டேன். "வந்த அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார். "அன்னைக்கே ஆரம்பிச்சேன் மேடம், இப்பதான் முடிஞ்சுது" என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கட்டிலும் கிடைத்தது.

இன்னொன்று. அம்மா போனில் உன்னைப் பற்றிச் சொன்னாள். பார்லரில் தலை பின்னும்போதும் முடி வெட்டும்போதும் நீ வாயே திறப்பதில்லையாம். "ரேடியோ ரிப்பேரான்னு கஸ்டமரெல்லாம் கேக்குறாங்க" என்றாள். உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். அம்மாவின் முழங்கால் வலி இருக்கிறது, அப்பாவின் இருமல் இருக்கிறது, ஒழுகும் குழாய்கூட இருக்கிறது. நீ எங்கேயும் இல்லை.

வீட்டில் நீ பேசியதில் பாதி என் பேச்சு அக்கா. எனக்கு என்ன வேண்டும், என்ன பிடிக்காது, எங்கே வலிக்கிறது என்று எல்லாம் நீதான் சொன்னாய். உனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டார் வந்து பார்க்கும் நாள். பார்லருக்கு லீவு விட்டுவிட்டு நீயும் வா. அம்மாவும் அப்பாவும் வார்டனிடம் பேசிக்கொண்டிருக்கட்டும். நாம் மைதானத்தைச் சுற்றி நடக்கலாம். என் தொண்டை அதற்குள் சரியாகிவிடும், ஆனாலும் அன்றைக்கு நீதான் பேச வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எவ்வளவு நேரமானாலும் நடுவில் புகுந்து முடித்துவைக்க மாட்டேன்.

கட்டாயம் வா.

உன் வரவை எதிர்பார்த்து,
தங்கை