புகையிலைக் கிடங்கில் கட்டிய கயிறு

1956 ஜூன் 2, சனி

கிடங்கைக் கழுவி முடித்தோம். ஆகஸ்டில் புகையிலை ஏலம் தொடங்கும் வரை இங்கே பாட்டும் ஆட்டமும்தான். வழக்கம்போல, இங்கே வேலை செய்யும் கறுப்பர் லெமுவலும் நானும் கூடத்தின் நடுவே கயிறு கட்டிப் பார்த்தோம். இடுப்பு உயரம். ஒரு முனை என்னுடையது, மறுமுனை அவனுடையது. தெருப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகள், சந்துப் பக்கம் கறுப்பர்கள்; கலந்து ஆடக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். இரண்டு வருடமாக இதே வேலை.

"நல்லா இழுங்க ஐயா, நான் விட்டா நீங்கதான் மல்லாந்து விழுவீங்க" என்று இன்றைக்கும் சொன்னான்.

ஜூன் 6

முதலாளி நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். இருபத்துமூன்றாம் தேதி மெம்பிஸிலிருந்து மூன்று வெள்ளைக்காரப் பையன்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு கறுப்பர், பியானோக்காரர், தன் குழுவோடு. கடைசிப் பாட்டை எல்லோரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிப்பார்களாம். இந்த ஊரில் இதுவரை நடக்காத காரியம்.

என் மகள் ஆர்லீனுக்குப் பதினேழு வயது. அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தேயத் தேயப் போடுகிறாள். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுப்பா பாப்போம், இதுல யாரு வெள்ளை, யாரு கறுப்பு?"

சொல்ல முடியவில்லை. என் கால் தாளம் போட்டதை வேறு பார்த்துவிட்டாள்.

ஜூன் 11

தீவனக் கடை கார்லைல் வந்தார். வெள்ளைக்காரர்கள் மட்டும் சேர்ந்த ஊர்ப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஹாய்ட், அன்னிக்குக் கயித்தைக் கொஞ்சம் லேசாக் கட்டு."

"அவுந்து விழுந்துருமே?"

"விழட்டும். விழுந்தா ரெண்டு பக்கமும் கலந்துரும், உள்ள வந்து நிறுத்த எங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். கோடரிக் காம்பெல்லாம் வாங்கி வச்சாச்சு."

ஆர்லீன் அங்கே இருப்பாள். அது அவருக்கும் தெரியும்.

ஜூன் 12

பழைய கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நைந்திருக்கிறது.

ஜூன் 14

புதுக் கயிறு வாங்கினேன். தாரில் ஊறியது, கட்டை விரல் தடிமன். கார்லைல் சொன்னதை லெமுவலிடம் சொல்லவில்லை. மும்மூன்று முடிச்சாகப் போடச் சொன்னேன்.

"அவசரத்துக்கு அவுக்கணும்னா என்ன ஐயா பண்றது?"

"அவுக்கக் கூடாதுன்னுதான் கட்டுறோம்."

தன் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான். பிறகு, தங்கை மகள் ஐவாவும் வருகிறாள் என்றான். அந்தப் பியானோக்காரர் என்றால் அவளுக்கு உயிராம்.

ஜூன் 18

கார்லைல் மறுபடி வந்தார். கயிற்றைத் தட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், சிரித்தார்.

"நல்லா கெட்டியாத்தான் கட்டியிருக்க. சரி, சந்துப் பக்கம் அந்த ஒரு கதவுதானா? தீ கீ பிடிச்சா பாவம், என்ன பண்ணுவாங்க?"

"கூடை அடுக்குக்குப் பின்னால சின்னதா ஒண்ணு இருக்குங்க. வெளிய இருந்து பாத்தா பலகைச் சுவர் மாதிரிதான் தெரியும். எனக்கும் லெமுவலுக்கும் மட்டும்தான் தெரியும்."

தோளைத் தட்டிவிட்டுப் போனார். கோபப்படவில்லையே என்ற நிம்மதியில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். ஏன் கேட்டார்? அக்கறையாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஜூன் 22

போகாதே என்றேன். "நீ கட்டின கயிறுதானேப்பா, அப்புறம் என்ன பயம்?" என்றாள் ஆர்லீன்.

ஜூன் 23, சனி. மதியம்.

கார்லைலின் லாரி சந்தில் நிற்கிறது. மூட்டை இறக்க வந்ததாம். அந்தச் சந்தில் மூட்டை வாங்க யார் இருக்கிறார்கள்? கதவை விட்டுத் தள்ளித்தான் நிற்கிறது. நான் வீணாக அலட்டிக்கொள்கிறேன்.

ஜூன் 25, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

கடைசிப் பாட்டு. பியானோக்காரர் எழுந்து நின்றுகொண்டே வாசித்தார். மெம்பிஸ் பையன் பெரிய பாஸ் வயலினை உள்ளங்கையால் அறைந்து தாளம் கொடுத்தான். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆட்டம். யாரும் தாண்டவில்லை. கயிறு அசையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது — ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது சந்துப் பக்கம் கந்தகப் புகை. யாரோ "தீ" என்றார்கள். சந்துக் கதவு திறக்கவில்லை, லாரி அதை ஒட்டி வந்து நின்றிருந்தது. கூட்டம் எங்கள் பக்கத்துப் பெரிய கதவை நோக்கித் திரும்பியது. நடுவில் என் கயிறு. முன்னால் நின்றவர்களால் குனியவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. ஆர்லீன் ஓடிவந்து முடிச்சைப் பல்லால் கடித்தாள். "கத்தி எங்கப்பா? கத்தி எங்க?" கத்தி வீட்டில் இருந்தது. யாரோ ஒருவர் மேடையிலிருந்து இறங்கி அறுத்தார்.

தீயே இல்லை. வெறும் புகை.

ஜூன் 27

பத்திரிகையில் நாலு வரி. நெரிசலில் ஒரு கறுப்பினச் சிறுமி இறந்தாளாம், விபத்தாம். பெயர் போடவில்லை.

ஐவா. பதினைந்து வயது.

ஜூன் 29

முதலாளி அடுத்த சனிக்கிழமைக்குக் கயிறு கட்டச் சொன்னார். என் முனையைக் கட்டினேன். மறுமுனையைப் பிடிக்க லெமுவல் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அங்கிருந்து பார்த்தால் பெரிய கதவு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. சரிந்து கிடந்த கூடைகளை ஒதுக்கிச் சின்னக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். வெளியிலிருந்து ஆணி அடித்திருக்கிறார்கள். பலகையில் உள்பக்கமாக நகக் கீறல்கள்.

கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 1, ஞாயிறு

லெமுவல் வீட்டுக்குப் போனேன். ஆர்லீன் கூட வர மறுத்துவிட்டாள். ஷெரீஃபிடம் போய் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். கார்லைல் பெயரை எடுப்பதற்குள் அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அந்தக் கையில் கட்டுப் போட்டிருந்தது.

"ஐவாவோட சேத்துப் புள்ளைங்களையெல்லாம் அந்தச் சின்னக் கதவுகிட்ட கூட்டிட்டுப் போனது நான்தான். அந்தக் கதவு இருக்கறது ரெண்டே பேருக்குத்தான் தெரியும்."

வாசல் கதவைச் சாத்தப் போனவன் திரும்பினான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல."