போகிறேன் என்று சொல்லாதவன்

ஜூன் 14, 2025

காலையில் மழை இல்லை. ஜதுபாபு பஜாரில் வாழைப்பூ வாங்கினேன். நான் பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்ளும் என்று மருமகள் கீதாஞ்சலி காட்டிக்கொடுத்திருக்கிறாள். எழுதினது சரியா தப்பா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. எழுத்துதான் எனக்கு வரவில்லை. ஞாபகம் போகமாட்டேன் என்கிறது.

கீழ்வீட்டுச் சிவராஜ் செத்து மூன்று மாதம் ஆகிறது. அவன் பெண்சாதி தமயந்தி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியேறி மேலே வந்துவிட்டேன்.

ஜூன் 17

சிவராஜைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன். நானும் போய்விட்டால் யார் சொல்வது?

கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தோம். இரண்டு பேர் அப்பாவும் கலாசி, தண்டவாளத்தில் கூலிவேலை. ஜல்லிக்கல்மேல் வெறுங்காலோடு பந்தை உருட்டிப் பழகினவனுக்குக் கல்கத்தா மைதானத்துப் புல் என்ன பெரிய விஷயம்? ஒரே கால்பந்து க்ளப்புக்கு வந்தோம். அவன் வலது ஓரத்தில் ஓடுவான், நான் பின்னால் நின்று அடைப்பேன். பெருவெள்ளம் வந்த வருஷம் அவன் முட்டி போயிற்று. க்ளப் ஒரு மாலை போட்டது, அப்புறம் மறந்தது.

க்ளப் கூடாரத்தில் கண் மங்கிப்போன கிழவன் ஒருவன் இருந்தான், பழைய ஆட்டக்காரன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிவராஜ் ஆட்டத்தை வாயால் காட்டுவான். ரேடியோக்காரர் ஒருத்தர் அதைக் கேட்டுவிட்டு மைக் முன்னால் உட்காரவைத்தார். மதராஸிக்கு எதற்கு வங்காளி வர்ணனை என்று திட்டிக் கடிதாசி மூட்டை மூட்டையாக வந்தது. இவன் கோபப்படவில்லை. டிராமில் மீன்காரிகளோடு சண்டை போட்டுப் போட்டே பாஷையைத் தேய்த்து எடுத்தான்.

கோல் விழும்போது மற்றவர்கள் கத்துவார்கள். இவன் குரலைத் தாழ்த்துவான். ஊரே ரேடியோ பக்கம் காதைச் சாய்க்கும். காலி வலையில் கோட்டைவிட்டவனைக்கூட வைதது கிடையாது. “பந்துக்கு அப்போ மனசில்லை” என்பான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் “தொபே ஆஷி” என்றுதான் முடிப்பான். அப்படியானால் வரேன் என்று அர்த்தம். வங்காளிகளும் நம்மைப் போலத்தான், புறப்படும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள்.

ஜூன் 25

சிவராஜின் மகன் ஜெய்ராம் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். அடுத்த மாதம் அப்பா பெயரில் நினைவு ஆட்டமாம். வர்ணனையை அப்பாவே சொல்லப்போகிறார் என்றான். எனக்குப் புரியவில்லை.

“பழைய டேப்பெல்லாம் மெஷினுக்குக் குடுத்துட்டோம் பெரியப்பா. இனிமே நாம எழுதிக் குடுத்தா அப்பா குரல்லயே பேசும்.”

அவன் கண்ணெல்லாம் மின்னுகிறது. அப்பாவுக்குப் பெருமை செய்கிறான், தப்பு என்று எப்படிச் சொல்ல?

ஜூன் 27

சாயங்காலம் படியில் இறங்கும்போது கீழ்வீட்டிலிருந்து சிவராஜ் பேசினான். கால் அப்படியே நின்றுவிட்டது.

தமயந்தியின் போனில் மகன் அந்த மெஷின் குரலில் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான். மேகம், சேறு, கார்னர் கிக், எல்லாம் அவனேதான். ஆனால் சிவராஜ் பொடி போடுகிறவன், இரண்டு வாக்கியத்துக்கு ஒருதரம் மூக்கை உறிஞ்சுவான். இது உறிஞ்சவில்லை. மூச்சே விடாமல் பேசுகிறது. கடைசியில், தொபே ஆஷி.

தமயந்தி சிரித்த முகமாக இருந்தாள். மறுபடி அமுக்கினாள்.

ஜூலை 2

தமயந்தி வீட்டுக் கதவு ராத்திரி முழுக்கத் தாழ் போடாமல் கிடந்திருக்கிறது. ஏம்மா என்று கேட்டேன்.

“அவர்தான் வரேன்னு சொல்றாரேண்ணே” என்றாள். காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்.

ஜூலை 5

இன்றும் தாழ் இல்லை. மேஜையில் இரண்டு தட்டு.

ஜூலை 9

அவர் வந்தபிறகு சாப்பிடுகிறேன் என்று பட்டினி கிடக்கிறாள். கீதாஞ்சலி கஞ்சி கொண்டுபோனாள். வாங்கி மூடி வைத்துவிட்டாளாம். கன்னம் ஒட்டிப்போயிற்று. அந்தக் குரல் மட்டும் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் மேலே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்கிறேன். சின்ன வயசிலிருந்து கேட்ட குரலுக்கு இந்த வயசில் பயப்படுகிறேனே, என்னடா இது?

ஜெய்ராமுக்குப் போன் போட்டேன். போனைப் பிடுங்கினால் அம்மா இன்னும் கெட்டுப்போவாள் என்றான். ஆட்டத்தை நிறுத்த முடியாதாம், ஊரெல்லாம் சொல்லியாயிற்றாம்.

யோசித்துப் பார்த்தேன். “கடேசி வார்த்தைய மட்டும் மாத்தச் சொல்லுடா. போறேன்னு சொல்லட்டும். அவன் போயிட்டான்னு அப்பதான் அவ நம்புவா.”

“அப்பா அப்படிச் சொன்னதே இல்லையே பெரியப்பா.”

“மெஷின் சொல்லும்ல?”

சொல்லிவிட்டேன். வாய் கசந்தது. தண்ணீர் குடித்தும் போகவில்லை.

ஜூலை 20

ஆட்டம் நடந்தது. மழை, சேறு, அவனுக்குப் பிடித்த மைதானம். கோல்போஸ்ட் அருகே அவன் படம், ரஜனிகந்தா மாலை. ஒலிபெருக்கியில் அவன் பேசினான். சேறு சட்டையைப் பிடித்து இழுக்கிறது என்றான். நரைத்த தலைகளெல்லாம் அழுதன, எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் நல்ல மரியாதைதான்.

முடிவில் குரல் தாழ்ந்தது. “எபார் ஜாய்.” இப்போது போகிறேன்.

கூட்டத்தில் சத்தம் அறுந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த வங்காளிப் பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஜாய் போல்தே நேய், தாதா” என்றார். போறேன்னு சொல்லக்கூடாதே அண்ணா. என்னைப் பார்த்து எதற்குச் சொன்னார்?

முன்வரிசையில் தமயந்தி எழுந்து நின்று கும்பிட்டாள்.

ஜூலை 21

ராத்திரி கதவு தாழ் போட்டிருந்தது. காலையில் மகனுக்கு இட்லி வார்த்துத் தானும் சாப்பிட்டாளாம். சிவராஜுக்கென்று வைத்த தட்டு மேஜையில் இல்லை.

“உங்க யோசனை பலிச்சிருச்சு பெரியப்பா” என்று ஜெய்ராம் என் கையைப் பிடித்துக்கொண்டான். சாயங்கால விமானத்தில் போய்விட்டான்.

நன்றாகத்தானே இருக்கிறாள். எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை?

ஜூலை 24

தமயந்தி நல்ல புடவைகளை எல்லாம் கீதாஞ்சலிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இறங்கிப்போனேன். வீடு துடைத்து வைத்தாற்போல இருந்தது. போன் பேசவில்லை. அவள் தினம் போடும் ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்திருந்தது, வாங்கி வரட்டுமா என்றேன், இனிமே வேண்டாம் என்றாள்.

என்னம்மா இதெல்லாம் என்று கேட்டேன்.

“அவர் போறேன்னு சொல்லிட்டாருண்ணே. அந்த வார்த்தைய அவர் வாயால நான் கேட்டதே கெடையாது. இனிமே அவர் வரமாட்டாரு. நான்தான் போகணும்.”

அவர் சொல்லவில்லை, நான் சொல்லச்சொன்னது என்றேன். “வாய் அவரோடதுதானேண்ணே” என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 25

ஜெய்ராம் போன் எடுக்கவில்லை. மீட்டிங் என்று எழுதி அனுப்பியிருக்கிறானாம், கீதாஞ்சலி படித்துச் சொன்னாள். கீதாஞ்சலியை ராத்திரி கீழ்வீட்டில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். தமயந்தி சிரித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஜூலை 28

பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது. உள்ளே தாழ். நாலு பேர் சேர்ந்து கதவை உடைத்தார்கள். தூங்குகிற மாதிரிதான் இருந்தாள்.

ஜூலை 29

கேவராத்தலா சுடுகாட்டில் தகனம் முடிந்து, குளித்துவிட்டு அவள் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெய்ராம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்ததும், “கெளம்பறீங்களா பெரியப்பா?” என்று கேட்டான்.

பதில் சொல்லாமல் படியேறினேன். சாவு வீட்டில் வரேன் என்றும் சொல்லக்கூடாது, போறேன் என்றும் சொல்லக்கூடாது.