ஒயருக்குள் அறுந்த இழை

சித்திரை 20, ஞாயிறு

நாளை மகளை மதுரைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூட்டிப்போக வேண்டும். காரோ மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. கோளாறு காட்டும் கருவியைக் காரில் செருகிச் செல்போனில் பார்த்தேன், சென்சார் கோளாறு என்றது. நானே புதிது வாங்கி மாட்டினேன். மறுபடியும் அதே கோளாறு.

எட்டிப் பார்த்த என் மனைவி செல்வியை, "தொடாத, இது கம்ப்யூட்டர் வண்டி" என்று அதட்டினேன். அவள் கேட்கவில்லை. தறியில் அறுந்த இழையைத் தேடித்தேடிப் பழகிய விரல்கள் அவளுக்கு. சென்சாருக்குப் போகும் ஒயரைக் கண்ணை மூடி நெருடிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க, இங்கன பிடிச்சுப் பாருங்க. மேல நல்லாத்தான் இருக்கு, உள்ள கம்பி அத்துப்போச்சு."

அந்த இடத்தில் ஒயரைப் பிரித்து, அறுந்த கம்பியை ஒட்டவைத்தேன். ஆண்டிபட்டி வரை போய் வந்தோம், ஒருமுறைகூட நிற்கவில்லை.

செல்விக்கு லைசென்ஸ் இருக்கிறது. நான்தான் இதுவரை ஓட்டவிட்டதில்லை. சாவியை அவள் கைப்பையில் போட்டுவிட்டேன்.