வயர்லெஸ்ஸில் சொல்ல முடியாதது

மல்கா கிணற்றுப் பண்ணை
குயின்ஸ்லாந்து
6 நவம்பர் 1961

அன்புள்ள நர்ஸம்மா,

இது நானே எழுதுவது. எழுபது வயதில் முதல் கடிதம். வயர்லெஸ்ஸில் பண்ணைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும்போது நானும் உட்கார்ந்துவிடுகிறேன். "ஹோரஸ், உனக்கு என்ன வயசுடா கண்ணு?" என்று டீச்சர் கேட்டார். "எழுபதும்மா" என்றேன். எல்லாப் பண்ணையிலிருந்தும் சிரிப்பு.

நீங்கள் சொல்லும் நம்பரைப் பார்த்து மருந்துப் பெட்டியில் புட்டி எடுத்தவன், இப்போது பெயரையே படிக்கிறேன்!

என் அப்பா காலத்தில் இங்கே காய்ச்சல்காரர்களுக்கு ஒரு கூடாரம்தான். பிறகு பெண்கள் கேக் விற்றுத் தகரக் கொட்டகை போட்டார்கள். நீங்கள் வந்த பிறகுதான் அது ஆஸ்பத்திரி ஆனது. போன வருஷம் அதையும் மூடி, உங்களை, விமானத்தில் பறந்து வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது காலையில் வயர்லெஸ்ஸில் உங்கள் குரல் மட்டும் வருகிறது. "மூலம் எப்படி இருக்கு ஹோரஸ்?" என்கிறீர்கள். மாவட்டமே கேட்கிறது.

ஓய்வு பெற்றதும் பிரிஸ்பேனில் தங்கை வீட்டோடு போய்விடுவீர்களாம். அப்புறம் குரலும் இருக்காது. ஊர் கேட்க முடியாதபடி உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுத்துப் படித்தேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?

மரியாதையுடன்,
ஹோரஸ் டன்ஸ்டன்

*

14 நவம்பர் 1961

அன்புள்ள ஹோரஸ்,

கோழி கிளறியது போன்ற உங்கள் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூலத்தை ஊரறியச் சொல்கிற மனிதருக்கு இதில் மட்டும் என்ன வெட்கம்? ஒளிவுமறைவு எனக்குப் பழக்கமில்லை. காலை மருத்துவ நேரத்தில், எல்லார் காதிலும் விழும்படி கேளுங்கள். அங்கேயே பதில் சொல்கிறேன்.

உனா கெல்லஹர்

*

22 நவம்பர் 1961

அன்புள்ள நர்ஸம்மா,

இன்று கேட்டேவிட்டேன். "கட்டிக்கிறீங்களா?" என்று முடிப்பதற்குள் பக்கத்துப் பண்ணை டுல்லியம்மா, "இதக் கேக்க இத்தனை வருஷமாய்யா?" என்று குறுக்கே புகுந்தார். டாக்டர், "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க! அவங்க பேசட்டும்!" என்றார்.

அந்த நேரம் பார்த்து இங்கே இடி. என் வயர்லெஸ் பெட்டியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் சரி என்றதாக டுல்லியம்மா சத்தியம் செய்கிறார். அவர் புருஷனோ, "யோசிக்கணும்னுல்ல சொன்னாங்க" என்கிறான். மேற்கே ஆட்டுப் பண்ணைக்காரன், "மூலத்துக்கு வெந்நீர்ல உக்காரச் சொன்னாங்கப்பா" என்கிறான். நான் யாரை நம்புவது?

நான் இப்போது படிக்கத் தெரிந்தவன். எழுதி அனுப்புங்கள், கருணை செய்து.

ஹோரஸ்

*

29 நவம்பர் 1961

அன்புள்ள ஹோரஸ்,

சரி என்றேன். டாக்டர் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். வெந்நீரும் சொன்னேன், ஆட்டுப் பண்ணைக்காரர் பொய் சொல்லவில்லை.

எனக்கென்று வைத்திருந்த அறையை வாடகைக்கு விட்டுவிடும்படி தங்கைக்கு எழுதிவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் தபால் விமானத்தில் வருகிறேன். சவரம் செய்துவிட்டு வந்து நில்லுங்கள்.

உங்கள்
உனா