இடது பக்கம் பெண்கள்

11-11-91, திங்கள்
ஏரி நிரம்பி வழிகிறது. ஊருக்கும் பஸ் வரும் சாலைக்கும் நடுவே இருந்த தரைப்பாலம் மூழ்கிவிட்டது. இன்று வேலைக்குப் போக முடியவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் பத்தொன்பது நாள்தான். இன்னொரு நாள் போகாவிட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள். விடுவேனா?

12-11-91
எங்கள் கம்பெனி ஃபிட்டர் சாம்சன் நேற்று சாயங்காலமே ஆறு காலி டிரம்களைக் கட்டி, மேலே மூங்கில் தட்டி போட்டுவிட்டார். இரு கரைக்கும் கயிறு. அதைப் பிடித்து இழுத்தால் நகரும். காலையில் பெண்கள் ஏழு பேர், ஆண்கள் இரண்டு பேர் ஏறினோம். பஸ் பழக்கம்! பெண்கள் எல்லோரும் இடது பக்கம் போய் நின்றோம். பாதி வழியில் கவிழ்ந்தது. நல்லவேளை, இடுப்பளவு தண்ணீர். சொட்டச் சொட்டப் போய் நின்றேன். சூப்பர்வைசர், "இன்னாம்மா, ஃபெர்ரியில வந்தியா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

திரும்பும்போது இரண்டிரண்டு பேராக வந்தோம். காலையில் அப்படிக் கடந்தால் பஸ் போய்விடும்.

13-11-91
ஃபெர்ரி என்பதை நேற்றே பிரவீனா டீச்சர் வீட்டு அகராதியில் பார்த்தேன். அதன் பழைய வேருக்குச் 'சுமந்து செல்' என்று பொருளாம். "நம்ம ஓடம், ஓடறதால வந்த பேருன்னு சொல்வாங்க" என்றார் டீச்சர். எங்களுடையது எங்கே ஓடியது? சுமந்தால் போதும். சுமப்பதற்கு எடைதானே கணக்கு, ஆண் பெண்ணா?

இன்று காலை தட்டியில் சாக்பீஸால் ஒன்பது கட்டம் போட்டு, எடை பார்த்து மாற்றி மாற்றி நிறுத்தினேன். என் பக்கத்தில் சாம்சன். மாமியார் தாயாரம்மாள் கரையிலிருந்து கத்தினார்: "ஆம்பளைங்களோட ஒட்டிக்கினு நின்னா ஊரு இன்னா பேசும்? எறங்குடி காந்திமதி!"

அழுகை வந்தது. வேலை போனா ஊரா வந்து சோறு போடும்? — இறங்கவில்லை. கவிழவும் இல்லை.

14-11-91
அத்தை பேசவில்லை. போனேன்.

18-11-91
மறுபடி மழை. இன்னும் பேசவில்லை. போனேன்.

30-11-91, சனி
கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்று அத்தை கரைக்கு வந்தார். ஏறி, நேராக இடது ஓரம் போனார். தட்டி லேசாகச் சாய்ந்தது. எங்களை ஒருமுறை பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சாம்சன் பக்கத்தில் நின்றார்.

"இன்னாங்கடி பாக்கறீங்க? மாறி மாறி நில்லுங்க. கவுத்துட்டீங்கன்னா தெரியும் சேதி. எம் மருமவ இன்னிக்கு ஆர்டர் வாங்கணும்."

வாங்கிவிட்டேன்.